48 வயதில் செருப்புக் கடை: பி.எஃப். பணத்தைத் தொடலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. ஆற்காட்டில் சொந்த வீடு. மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருடமாக வேலை, இப்போது தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். கைக்கு வருவது 46,000 ரூபாய் (பேசிக், டி.ஏ. சேர்த்து 24,000). மனைவி ஜாக்கெட் தைத்து மாதம் 6,000 சம்பாதிக்கிறார். வீட்டுக்கடன் தவணை 14,250 உட்பட மாதச் செலவு 38,000. கடன் பாக்கி 8.4 லட்சம், இன்னும் ஆறரை வருடம். பி.எஃப். 14 லட்சம், வங்கி டெபாசிட் 1.6 லட்சம், மனைவியின் நகை 18 சவரன். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு; இன்னும் இரண்டு ஆண்டுக் கட்டணம் 1.7 லட்சம். மகன் ஒன்பதாம் வகுப்பு.

கொஞ்ச நாளாகக் காலையில் கம்பெனி பஸ் ஏறக் கால் வரவில்லை. போன மே மாதம், சர்க்கரை நோயாளியான என் அம்மா மொட்டை மாடியில் வடகம் காயவைத்தார். உள்ளங்கால் கொப்பளித்ததே அவருக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு போடச் சொன்னார்கள். அதைப் பார்த்து நானே ஒரு ஜோடி செய்தேன், பிறகு தெரிந்தவர்களுக்கு 11 ஜோடி. மெட்டீரியல் 380, விலை 750, ஒரு ஜோடிக்கு மூன்று மணி நேரம். இத்தனை வருடத்தில் லட்சக்கணக்கான ஷூ என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. போட்டுக்கொண்டவரின் முகத்தைப் பார்த்தது இதில்தான். வேலையை விட்டுவிட்டு, பி.எஃப்.பில் 5 லட்சம் எடுத்து ஆற்காட்டில் கடை போடலாமா? போதாததற்கு நகையை அடகு வைக்கலாம் என்று மனைவி சொல்கிறார்.

பதில்: இந்தத் தொழிலுக்குப் போகலாம். இப்போதே வேண்டாம், பி.எஃப். பணத்தோடு வேண்டாம். ஒன்றரை வருடம் கழித்து, வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) பணத்தில், கடை இல்லாமல் தொடங்குங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் உங்கள் 750 ரூபாய் விலையைப் பார்ப்போம். மெட்டீரியல் போக ஒரு ஜோடிக்கு நிற்பது 370. வேலையை விட்டால் மனைவியின் வருமானம் போக வீட்டுக்கு 32,000 வேண்டும். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு போய்விடும். அதற்கு மாதம் 3,000. கரண்ட், பயணம், பழுது என்று இன்னொரு 3,000. மொத்தம் 38,000. அதற்கு மாதம் 103 ஜோடி செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் வீதம் 309 மணி, அதாவது 26 நாளும் தினம் 12 மணி நேரம் குனிந்தபடியே. அளவெடுக்கவும் சரக்கு வாங்கவும் திரும்பி வந்த ஜோடியைச் சரிசெய்யவும் அதில் நேரமே இல்லை. மனசுக்குப் பிடித்த வேலை ஆறே மாதத்தில் கம்பெனி வேலையைவிடக் கசந்துபோகும். பிடித்த தொழிலில் இறங்கியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூலியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

விலையை 1,150 ஆக்குங்கள். நிற்பது 770. மாதம் 50 ஜோடி, 150 மணி நேரம், தினம் ஆறு மணிக்குச் சற்றுக் குறைவு. மீதி நேரம் அளவெடுக்கவும் பழுது பார்க்கவும். கொடுக்க முடியாதவர்கள் வருவார்கள், அதுவும் உண்மை. அதற்காக எல்லோருக்கும் விலையைக் குறைக்காதீர்கள். பத்தில் ஒரு ஜோடியை மெட்டீரியல் விலைக்கே கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அப்போது தர்மமும் தொழிலும் ஒன்றையொன்று தின்னாது. அப்படிக் கொடுக்கிற மாதத்தில் 50 என்பது 55 ஆகும். கையில் நேரம் இருக்கிறது.

அடுத்தது பி.எஃப். 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். இதே வட்டி நீடித்தால் இன்றைய 14 லட்சம், நீங்கள் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமலே, உங்கள் 58-ஆம் வயதில் சுமார் 31 லட்சம். இப்போது 5 லட்சம் எடுத்தால் அப்போது குறைவது 11 லட்சம். வேலையை விட்டாலும் 58 வயதுவரை கணக்குக்கு வட்டி வரும். ஆனால் வேலையை விட்ட தேதிக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வீட்டுக்கடனை அடைக்கவும் இந்தப் பணத்தை எடுக்க வேண்டாம். தவணை ஓடட்டும்.

பென்ஷன் போய்விடுமே என்று கம்பெனியில் யாராவது பயமுறுத்துவார்கள். கணக்குப் பார்த்தால் பயப்பட அவ்வளவு இல்லை. பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் திட்டமான இ.பி.எஸ்.ஸின் சூத்திரம்: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. சம்பள உச்சவரம்புக்குள் பணம் கட்டியவருக்கு, 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு அந்தச் சம்பளமாக எடுப்பது அதிகபட்சம் 6,500, பிந்தையதற்கு 15,000. இந்தச் சூத்திரப்படி உங்கள் 22 வருடத்துக்கு 58 வயதில் மாதம் ஏறத்தாழ 3,400 வரும். இன்னும் பத்து வருடம் வேலை பார்த்தால் கூடுவது சுமார் 2,100. அந்த 2,100-க்காகப் பத்து வருடத்தைக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 50 வயதிலேயே பென்ஷன் கேட்டுவிடாதீர்கள். 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள், அந்தக் குறைப்பு கடைசிவரை தொடரும். வேலையை விடும்போது படிவம் 10சி கொடுத்து உங்கள் சேவை ஆண்டுகளைக் காட்டும் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

கிராஜுவிட்டி கணக்கு எளிது. 24,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 13,846. இன்று விட்டால் 22 வருடத்துக்குச் சுமார் 3.05 லட்சம், ஒன்றரை வருடம் கழித்து அதே சம்பளத்திலேயே சுமார் 3.2 லட்சம். 20 லட்சம் வரை வரி இல்லை, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியது சட்டம். தொழிலுக்கான பணம் இதுதான். பி.எஃப். உங்கள் முதுமைக்கு, நகை மனைவிக்கு. அடகு வைத்த நகையின் வட்டி செருப்பு விற்றாலும் விற்காவிட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும். மனைவி மனதார முன்வந்தது பெரிய பலம். அந்த 18 சவரன் பீரோவில் இருக்கிற தைரியத்தில்தான் நீங்கள் இந்த வேலையை நிதானமாகச் செய்ய முடியும்.

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியல்: தையல் மெஷின் 48,000, கிரைண்டர் 35,000, ஸ்கைவிங் மெஷின் 32,000, கடை அட்வான்ஸ் 1,00,000, கடை உள்வேலை 1,60,000, மெட்டீரியல் 75,000. மொத்தம் 4.5 லட்சம். இதில் பாதிக்கு மேல் அட்வான்சும் கண்ணாடி ரேக்கும் போர்டு விளக்கும்தான். கால் மரத்துப்போனவர் கடை அலங்காரம் பார்த்து உங்களிடம் வரப்போவதில்லை. ஸ்கைவிங் மெஷினும் வேண்டாம், வார் ஓரத்தை இப்போதைக்குக் கையாலேயே சீவலாம். தையல் மெஷின், கிரைண்டர், 25,000-க்கு மெட்டீரியல்: 1.08 லட்சத்தில் வீட்டு முன்னறையில் தொடங்கலாம். மீதி 2 லட்சம் கையிருப்பு.

ஏன் ஒன்றரை வருடம்? இப்போது மாதம் 14,000 மிஞ்சுகிறது. 18 மாதத்தில் 2.52 லட்சம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் வாரம் இரண்டு ஜோடி, மாதம் எட்டு. புது விலையில் 18 மாதத்தில் 1.1 லட்சம். டெபாசிட் 1.6 லட்சத்தோடு சேர்த்தால் 5.22 லட்சம். மகளின் கட்டணம் 1.7 லட்சம், ஒன்பது மாத வீட்டுச் செலவு 3.42 லட்சம்: 5.12 லட்சம். சரியாக அந்த நேரத்தில் இரண்டும் நிறைகிறது. ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு முன், உங்கள் நியமனக் கடிதத்தில் வெளித்தொழில் கூடாது என்ற விதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கம்பெனியிலிருந்து ஒரு துண்டுத் தோல்கூட வெளியே வரக்கூடாது. 22 வருட நல்ல பெயரும் கிராஜுவிட்டியும் அதில் மாட்டிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. சேர்ந்திருக்கிற ஈ.எல். லீவில் பத்து நாள் எடுத்து, தினம் ஆறு மணி நேரம் செருப்பு மட்டும் செய்யுங்கள். முதல் மூன்று நாள் எதுவும் இனிக்கும். எட்டாம் நாள், அதே அளவு, அதே வார், பசை நாற்றம், முதுகு வலி எல்லாம் வந்த பிறகும் உட்காரத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது ஓய்வாகவோ வேறு செக்‌ஷனாகவோ இருக்கலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜோடி செய்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. அதுவும் நல்ல வாழ்க்கைதான். பல வாரமாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்களுக்கும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை கட்டாயம்.

இனித் தொழில். இதில் நம் ஊருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்பதை வேலூர் சி.எம்.சி.யில் எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955 முதல் இயங்கும் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை, மரத்துப்போன காலுக்கான செருப்பில் நீண்ட அனுபவம் உள்ள இடம். அங்கே நேரில் போய், காலணிப் பிரிவில் பயிற்சி பெற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சிக்கு ஆகும் செலவுதான் இந்தத் தொழிலில் உங்கள் முதல் முதலீடு.

ஏற்றுமதி ஷூவில் நீங்கள் பார்த்த தரம் வேறு, இது வேறு. இங்கே ஆணி கூடாது. அடி தேய்ந்ததும் முனை மேலே வரும், போட்டவருக்குத் தெரியாது. கட்டைவிரல் இடுக்கு வார் கூடாது. பின்வார் வேண்டும், இல்லாவிட்டால் செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பார்கள். கீழே முள் ஏறாத கெட்டியான அடி, மேலே மெத்தென்ற எம்.சி.ஆர்., வீங்கும் காலுக்கு ஏற்றபடி வெல்க்ரோ. அளவை மாலையில் எடுங்கள், காலையில் கால் சிறுத்திருக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் போடச் சொல்லி, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது, திருத்த வேண்டும். திறந்த புண்ணோடு வருபவருக்குச் செருப்பு கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். புண் ஆறும் என்று சொல்லி ஒரு ஜோடிகூட விற்காதீர்கள்.

அரசு உதவியில் உங்களுக்குப் பொருத்தமாகத் தெரிவது கலைஞர் கைவினைத் திட்டம். குறைந்தபட்ச வயது 35. கடன் 3 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000, வட்டியில் 5 சதவீதம் வரை சலுகை. ராணிப்பேட்டை மாவட்டத் தொழில் மையத்தில், இப்போதைய விதியையும் உங்கள் வேலை எந்தத் தொழில் வகையில் வரும் என்பதையும் கேளுங்கள். மெஷினை வாங்கிவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது. கொட்டேஷன் முதலில், கடன் ஒப்புதல் அடுத்து, வாங்குவது கடைசியில். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்பது முக்கியமாகப் புதுத் தொழிலுக்கான மானியக் கடன். உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை.

காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். தனி மருத்துவ பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம்வரை இருக்கலாம். இன்றே தொடங்கினால் ஒன்றரை வருடம் கழிந்துவிடும். பி.எஃப்.போடு வரும் இ.டி.எல்.ஐ. ஆயுள் காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம், வேலையை விட்டதும் நின்றுவிடும். அதனால் 60 வயதுவரை 50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கிராஜுவிட்டி வந்த செய்தி தெருவுக்குத் தெரிந்தால் மாதம் ஐந்து, ஆறு சதவீத வட்டி என்று ஒருவர் வீடு தேடி வருவார். உறவினராகக்கூட இருப்பார். காட்பாடி, ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் ஓய்வுப் பணத்தை அப்படித் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ராஜினாமாக் கடிதம் எப்போது? சேமிப்பு 5.12 லட்சத்தைத் தொட்டு, தொடர்ந்து மூன்று மாதம் சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து 1,150 ரூபாய் விலையில் மாதம் 20 ஆர்டருக்கு மேல் வந்து, செய்ய நேரமில்லாமல் காத்திருக்கச் சொல்கிற நிலை வரும்போது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கடிதத்தை ஆறு மாதம் தள்ளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. பி.எஃப். பாஸ்புக்கை இறக்கி, பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், இ-நாமினேஷன் (ஆன்லைனில் நாமினி பெயர் பதிவது) முடியுங்கள். பின்னாளில் பணம் நிற்பது பெரும்பாலும் இந்தப் பிழைகளில்தான். இன்னொன்று, மே மாதம் அம்மாவுக்குச் செய்த செருப்பை எடுத்து, குதிகால் இடத்து எம்.சி.ஆரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய குழி எழும்பி வராமல் தட்டையாகவே இருந்தால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றுங்கள். உங்களிடம் வாங்கிய அந்த 11 பேரின் செருப்பையும் அப்படியே பார்த்துவிட்டு வாருங்கள்.