கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் பார்த்த அந்த வெளிர்மஞ்சள் பூ எது?

மார்ச்சில், வறண்ட ஓடை மணலில், கிண்ணம் போன்ற வெளிர்மஞ்சள் பூ. செடிகளை அடையாளம் காட்டும் செயலி ஒருமுறை ‘கோஸ்ட் ஃப்ளவர்’ என்கிறது, மறுமுறை ‘சேண்ட் பிளேசிங் ஸ்டார்’ என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். செயலியைக் குறை சொல்ல முடியாது. முதலாவது (மொகாவியா கன்ஃபெர்டிஃப்ளோரா) இரண்டாவதைப் (மென்ட்சீலியா இன்வலுக்ரேட்டா) பார்த்து வேஷம் போடும் செடி. கோஸ்ட் ஃப்ளவரில் தேன் கிடையாது. மென்ட்சீலியாவைத் தேடி வரும் தேனீக்களை ஏமாற்றித்தான் மகரந்தச் சேர்க்கையை நடத்திக்கொள்கிறது. இரண்டும் ஒரே மணலில், ஒரே பருவத்தில் பூக்கும்.

நிறத்தை விடுங்கள், பூவுக்குள் பாருங்கள். மகரந்தத் தாள் இரண்டே இரண்டு, இதழ்களில் செம்பழுப்புப் புள்ளிகள், கீழுதட்டின் உட்புறம் அதே நிறத்தில் ஒரு திட்டு என்றால் கோஸ்ட் ஃப்ளவர். தாள்கள் கொத்தாக எண்ண முடியாதபடி இருந்தால் மென்ட்சீலியா. உங்கள் படம் மேலிருந்து, கடும் வெயிலில் எடுத்தது, உட்புறம் வெளுத்துப்போய்விட்டது; அதை வைத்து எது என்று சொல்ல முடியவில்லை.

பூ வாடியிருந்தாலும் இலை காட்டிக்கொடுக்கும். மென்ட்சீலியா இலை பல்விளிம்பு கொண்டது, சொரசொரப்பானது, துணியில் ஒட்டிக்கொள்ளும். பூவுக்கு அடியில் வெண்ணிறச் செதில்கள், அவற்றுக்குப் பச்சைப் பல்விளிம்பு. கோஸ்ட் ஃப்ளவர் இலை ஈட்டி வடிவம், விளிம்பு நேர், பிசுபிசுக்கும் மென்மயிர்.

அடுத்த முறை உங்கள் நிழல் பூமேல் விழும்படி நின்று மூன்று படம் எடுங்கள்: பூவின் உட்புறம், பக்கவாட்டில் காம்பும் செதிலும், அடி இலை. பறிக்க வேண்டாம், அது மாநிலப் பூங்கா, அனுமதியில்லை.