பெட்டி மறைக்காத திரையுள்ள தராசு

வணக்கம். இணையத்தில் சேலையும் பித்தளை விளக்கும் விற்கும் நீங்கள், 5 கிலோ சமையலறைத் தராசு காட்டும் எடையும் கூரியர் ரசீதில் உள்ள எடையும் ஒத்துப்போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கட்டணம் பெரும்பாலும் 500 கிராம் படிகளில் ஏறுவதால், 490 கிராம் சேலை, உறையும் ஒட்டுநாடாவும் சேர்ந்து 510 கிராம் ஆனாலே அடுத்த படிக்குப் போய்விடும். ஆகவே கட்டி முடித்த பொட்டலத்தையே நிறுக்க வேண்டும்.

விளக்குகளையும் கருதி, 30 கிலோ வரை தாங்குவதும், 5 கிராம் வித்தியாசத்தையாவது காட்டுவதும், பெரிய பெட்டி வைத்தாலும் எண் மறையாதபடி திரை தனியே கம்பியில் வருவதுமான தராசை வாங்குங்கள். காலிப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, 1 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றினால் ஏறக்குறைய 1 கிலோ காட்ட வேண்டும்.

அதன் பிறகும் ரசீதில் எடை கூடினால், பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பாருங்கள்; கிலோவில் வரும் அந்தக் கன அளவு எடை உண்மையான எடையைவிடக் கூடுதலாக இருந்தால், பல கூரியர்கள் அதற்கே கட்டணம் வாங்குகின்றன.