அறுகம்குடாவிலிருந்து பொத்துவில் சிலைகளுக்கு: தாயாருடன் ஒரு நாள் நடை

வணக்கம். கிழக்கிலங்கையின் அறுகம்குடாவில் தங்கி, வயதான தாயாருடன் கடற்கரையோரமாக நடந்து பொத்துவில் முகுது மகா விகாரையையும், லகுகல மகுல் மகா விகாரையையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முன்னையதற்கு மட்டும் நடந்து செல்லுங்கள். மாரியில் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுண்டிருந்தால் மணல்வழியே கடக்க எண்ணாமல் பாலத்தாலேயே செல்ல வேண்டும். பாதணிகளைக் கழற்றியே உள்ளே போக வேண்டுமென்பதால், மணல் சுடத் தொடங்குமுன் அங்கே சேர்ந்துவிட்டால், நிற்கும் புத்தரையும் அணிகலன்கள் செதுக்கிய போதிசத்துவர் சிலைகளையும் அம்மா ஆறுதலாகப் பார்க்கலாம்.

லகுகல யானைக்காடு, அங்கே நடக்கவே வேண்டாம், முச்சக்கர வண்டியில் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். மகுல் மகா விகாரையின் சந்திரவட்டக்கல்லில் (படிக்கட்டின் அடியில் பதித்த அரைவட்டச் செதுக்குக்கல்) வரிசையாகச் செல்லும் யானைகளின் முதுகில் பாகர்கள் அமர்ந்திருப்பதைக் குனிந்து பாருங்கள். வேறெந்தச் சந்திரவட்டக்கல்லிலும் நான் அதைக் கண்டதில்லை. தேய்ந்த கல் என்பதால் தயவுசெய்து மிதிக்காதீர்கள்.