பொகவந்தலாவையிலிருந்து வெள்ளவத்தைக்கு: பிள்ளைகளோடும் அம்மாவோடும் ஒரு லீவுப் பயணம்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். டிசம்பர் லீவில் வெள்ளவத்தையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஐந்து நாள் போகலாம் என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு 11 வயது, 5 வயது. சின்னவனுக்கு பஸ் ஏறினாலே வாந்தி. கூட வரும் அம்மாவுக்கு சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். ரயிலில் போவதா, பஸ்ஸில் போவதா? என்னென்ன கொண்டு போகலாம்?

பதில்: முதலில் நாளைத் தீர்மானியுங்கள், வாகனத்தைப் பிறகு பார்க்கலாம். டிசம்பர் உந்துவப் போயாவோடு (பௌர்ணமி நாள்) சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிடும். மே மாத வெசாக் வரை ஓடும். வெள்ளி பின்னேரமும் சனியும் போயாவுக்கு முதல் நாளும் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ், ரயில் எல்லாம் யாத்திரைக் கூட்டத்தால் நிறையும். ஞாயிறும் போயா அன்று பகலும் அதே கூட்டம் ஹட்டனிலிருந்து கீழே இறங்கும். ஆகவே கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவது மாதிரி நாளைப் பிடியுங்கள்: செவ்வாய் அல்லது புதன் போய், ஞாயிறு காலையிலோ திங்களிலோ திரும்புவது நல்லது. டிசம்பர் 24 பின்னேரம் மட்டும் மூட்டை முடிச்சோடு கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நிற்காதீர்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் ஊருக்குத் திரும்பும் நேரம் அது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முதல் நாளும் இதே கதைதான்.

வாந்தி எடுக்கும் பிள்ளைக்கும் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகும் அம்மாவுக்கும் ரயில்தான் சுகம். எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, வளைவுகளும் மெதுவாக வரும். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்சரிந்து உடைந்தது. பழைய நேர அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். ஹட்டன் ஸ்டேஷனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொழும்பு கோட்டை வரைக்கும் ஒரே ரயிலா, நடுவில் இறங்கி பஸ் மாற வேண்டுமா?" மாற வேண்டும் என்றால், பையும் பிள்ளையும் அம்மாவுமாக அந்த அலைச்சல் வேண்டாம், நேரே பஸ்ஸில் போங்கள். மழை விடாமல் பெய்தால் புறப்படும் அன்று காலையிலும் ஒருமுறை கேட்க வேண்டும். 1919 அரச தகவல் நிலையத்திலும் விசாரிக்கலாம்.

ரயில் நேரே ஓடினால் சீட் பதிவு செய்யாமல் போகாதீர்கள். பதுளையிலிருந்து வரும் பெட்டிகள் ஹட்டனுக்கு வரும்போதே நிறைந்திருக்கும். லீவு நாளில் மூன்றாம் வகுப்பில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றே போக நேரிடும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், லீவுக்கால இடங்கள் வேகமாகத் தீரும். பதியும்போது தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். யாருடைய இலக்கத்தில் பதிந்தீர்களோ அவர் அட்டையோடு வர வேண்டும். வேறொருவர் பதிந்து வைத்த டிக்கெட்டை வெளியாளிடம் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். வழமையான ஓட்டத்தில் பொடி மெனிக்கே ரயில் கண்டிக்குள் போய்த் திரும்பி வரும், உடரட்ட மெனிக்கே ரயில் பேராதனையோடு விலகிப் போய்விடும். அம்மாவை நினைத்தால் உடரட்ட மெனிக்கேதான் சரி.

பஸ் என்றால் வழி கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை. ஹட்டனிலிருந்து நாலரை, ஐந்து மணி நேரம் வையுங்கள். ஹட்டனில் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் ஏறினால், கொழும்பின் காலை நெரிசல் அடங்கும் நேரத்தில் போய்ச் சேரலாம். நாலு மணிக்கே ஏறினால் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் நகர வாசலில் சிக்கி நிற்பீர்கள். வெயிலும் புகையும் நிற்கும் பஸ்ஸும் சேர்ந்தால் அதுவரை வாந்தி எடுக்காத பிள்ளையும் அப்போது எடுக்கும். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏறும்போதே நடத்துனரிடம் கேட்க வேண்டியது: அவிசாவளைக்குப் பிறகு கடுவலை வழியா, ஹைலெவல் ரோட்டா? ஹைலெவலில் போகும் பஸ் என்றால் நுகேகொடை தாண்டி கிருலப்பனையில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து வெள்ளவத்தை ஆட்டோவில் பக்கம். புறக்கோட்டை வரை போய், காலி வீதியில் மறுபடி அதே அளவு தூரம் திரும்பி வருவது வீண். கடுவலை வழி என்றால் புறக்கோட்டைதான். அங்கிருந்து 100, 101 இலக்க பஸ்கள் வெள்ளவத்தையைத் தாண்டிப் போகும். ரயிலில் வருகிறவர்கள் கோட்டையிலேயே கரையோரப் பாதை ரயிலுக்கு மாறி வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கலாம். பிக்மீ, ஊபரில் ஆட்டோ கூப்பிடுவதாக இருந்தால் பஸ் நிலையத்துக்குள் நின்றுகொண்டு கூப்பிடாதீர்கள். அந்த நெரிசலில் சாரதியும் நீங்களும் ஒருவரையொருவர் தேடியே பத்து நிமிஷம் போகும். கோட்டை ரயில் நிலைய வாசல் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கு நடந்து வந்த பிறகு கூப்பிடுங்கள். அண்ணனிடம் விலாசத்தோடு லேன் பெயர், எத்தனையாம் மாடி, காலி வீதிக்குக் கடல் பக்கமா மற்றப் பக்கமா என்பதையும் எழுதி வாங்கி, பெரிய பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒரு துண்டு வைத்துவிடுங்கள்.

இனி வாந்தி. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்வதுதான் இதற்குக் காரணம்: உள்காது ஒவ்வொரு வளைவையும் உணர்கிறது, பிள்ளையின் கண்ணுக்கோ முன் சீட்டின் முதுகு மட்டும் அசையாமல் தெரிகிறது. அதனால் முன்பக்கச் சீட்டில், முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீட்டுகளில் ஆட்டம் அதிகம். போனைக் கையில் கொடுக்கவே கூடாது. அழுகையை அடக்கக் கொடுக்கும் போன்தான் கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடையில் வேலையைக் காட்டும். வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், ரொட்டியும் சம்பலும் வயிறு முட்டக் கொடுத்தும் ஏற்றாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு கிரீம் கிராக்கரும் கொஞ்சம் தண்ணீரும் போதும், பால் வேண்டாம். டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரை கொடுப்பதானால் வண்டி ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். பெரியவர்களுக்கு வாங்கியதை மனக்கணக்கில் பாதியாக உடைத்துக் கொடுக்காமல், பிள்ளையின் வயதையும் நிறையையும் சொல்லி டாக்டரிடமோ பார்மசியிலோ அளவு கேளுங்கள். தூக்கம் வரும், அது நல்லதுதான். அப்படியும் ஒரு பையும் ஈரத்துணியும் மாற்றுச் சட்டையும் மடியில் இருக்கட்டும், தலைக்கு மேல் சாமான் தட்டில் அல்ல.

அம்மாவின் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். பஸ் டிக்கியிலும் எஞ்சின் மூடிக்குப் பக்கத்திலும் சூடு ஏறும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்ட வைத்தால் உறைந்து பயனில்லாமல் போகும். சின்ன பிளாஸ்க் ஒன்று போதும். வெள்ளவத்தை போனதும் பிரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள், பிரீசரில் அல்ல. பயண நாளில் மிகப் பெரிய ஆபத்து, வழக்கம்போல் காலையில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்துவது. வியர்வை, கை நடுக்கம், உளறல் வந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகு பிஸ்கட் கொடுங்கள். கிளினிக் கொப்பியும், ஐந்து நாளுக்கு வேண்டியதைவிட மேலதிகமாக மூன்று நாள் மருந்தும் எடுங்கள்; மண்சரிந்து ரோடு மூடினால் திரும்புவது பிந்தும். ஆள் மயங்கினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பஸ் சாப்பாட்டுக்கு நிற்கும் இடம் எதுவென்று முன்னமே கேட்டு, அம்மாவை முதலில் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள்; சாப்பாட்டு வரிசை பிறகு.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம். வெள்ளவத்தையில் அதைவிட எட்டு பாகை போலச் சூடு கூடும், புழுக்கம் வேறு. விடியப் போட்ட ஸ்வெட்டரை கித்துல்கலையிலேயே கழற்ற வேண்டி வரும், அதை வைக்கப் பையின் மேல்பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள். மற்றபடி மெல்லிய பருத்தி உடுப்பு போதும்.

மரக்கறி கொண்டு போகாமல் அண்ணி வீட்டுக்கு யார் போவார்கள்! அதை மழையில் பிடுங்கிய கையோடு பொலித்தீன் பையில் கட்டினால் கொழும்பு போய்ச் சேரும்போது லீக்ஸ் வழுவழுக்கும். முதல் நாளே எடுத்து, கழுவாமல், நிழலில் ஈரம் உலர வையுங்கள். கரட்டின் இலையை ஒட்ட வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கிழங்கின் நீரை இழுத்துக் கரட் துவளும். பீட்ரூட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் காம்பு விடுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றி, ஓட்டை போட்ட காட்போர்ட் பெட்டியில் வைத்தால் போதும். எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம். மாடி வீட்டுப் பிரிட்ஜில் இடமும் இராது, படியில் தூக்குவதும் நீங்கள்தான். தேயிலை பக்கத்து வாசனையை அப்படியே இழுக்கும். இறுக்கமாக மூடும் டின்னில் போட்டு, சவர்க்காரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

ஊர் சுற்ற ஐந்து வயதுக்காரனோடு ஒரு நாளைக்கு ஓர் இடம். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் காலையிலேயே போய் வெயில் ஏறுமுன் திரும்பலாம். காலிமுகத்திடலுக்குப் பின்னேரம் சரி, 100, 101 இரண்டுமே போகும். ஏறக்குறைய 350 மீட்டர் உயரமான தாமரைக் கோபுரம் பெரியவனுக்குப் பிடிக்கும். புறக்கோட்டை உடுப்புக் கடைகளுக்குப் பிள்ளைகள் இல்லாமல், ஞாயிறு தவிர்த்து ஒரு காலைப் பொழுதில். ஞாயிறில் பெரும்பாலான கடைகள் பூட்டு. வெள்ளவத்தையில் கடலைப் பார்க்கப் போகும்போது ஒன்று கவனம்: மரீன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை இருக்கிறது. அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. பிள்ளையின் கையை விடாதீர்கள், தண்டவாளத்தில் நின்று போட்டோவும் வேண்டாம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் விடியலிலும் பின்னேரத்திலும். இரவு நெட் மட்டும் போதாது. பகல் தூக்கத்துக்கும் நெட், வெளியே போகும்போது முழுக்கை. குளிர் தோட்டங்களில் இதற்குப் பழக்கம் இல்லாததால் நம்மவர்கள் அசட்டையாக இருப்பார்கள். கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வர நாலு நாளிலிருந்து பத்து நாள், சிலவேளை இரண்டு வாரம் வரை ஆகும். ஆகவே அது நீங்கள் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் வரலாம். அப்போது பனடோல் மட்டும் நிறைக்கேற்ற அளவில் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக் இரத்தக் கசிவைக் கூட்டும், கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு வந்தால் நாள் எண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "கொழும்பு போய் வந்தோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலை ஆஸ்பத்திரியில் டெங்குவை முதலிலேயே நினைக்க வைப்பது அந்தத் தகவல்தான்.