ஓட்டுக்கரியில் சவ்வு செய்யலாமா?

கேள்வி: கெமிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். தேங்காய் ஓட்டுக்கரியைப் பொடியாக்கி, பசை கலந்து, பீங்கான் குழாய்மேல் பூசினால் ஹைட்ரஜனைச் சுத்தப்படுத்தும் சவ்வு கிடைக்குமா?
(கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: கிடைக்காது, தம்பி. கரியை அரைத்துப் பூசக் கூடாது. பூசிவிட்டுத்தான் கரியாக்க வேண்டும். உங்கள் பொடியில் ஒவ்வொரு துகளுக்குள்ளும் நுண்துளை இருக்கிறது, நிஜம்தான். ஆனால் துகளுக்கும் துகளுக்கும் நடுவே நெல்லிக்காய் மூட்டை மாதிரி சந்து கிடக்கிறதே! வாயு எல்லாம் அந்தச் சந்து வழியாகவே போய்விடும்.

மணலியில் ஹைட்ரஜன் யூனிட்டில் ஷிப்ட் பார்த்தவன் நான். அங்கேயும் கரி உண்டு, சவ்வாக அல்ல, பெரிய கலன்களுக்குள் படுகையாக. அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு, மீத்தேன் எல்லாம் கரியிலும் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜன் மட்டும் நழுவி வெளியே வரும். அழுத்தத்தை இறக்கினால் ஒட்டியவை விட்டுவிடும். பிரஷர் ஸ்விங் அட்சார்ப்ஷன், சுருக்கமாக பி.எஸ்.ஏ. என்போம். உங்கள் ஓட்டுக்கரிக்கு அங்கேதான் வேலை.

சவ்வின் கணக்கு வேறு: ஒட்டவைப்பதில்லை, மூலக்கூறின் அளவு பார்த்துச் சல்லடை மாதிரி பிரிக்க வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறின் குறுக்களவு 2.89 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64, மீத்தேன் 3.8. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் நுழையவும் மற்றவை தடைபடவும் அளவான துளை விழ வேண்டுமென்றால் பாலிமரைச் சந்தே இல்லாத படலமாகப் பூசி, அப்படியே கரியாக்க வேண்டும். பாலிஇமைடு நன்றாக வரும், விலைதான் கடிக்கும். ஃபீனாலிக் ரெசின் போதும். பழைய பேக்கலைட் ஸ்விட்ச் வகையறா. எத்தனாலில் கரைத்து, வடிகட்டி, நுண்துளையுள்ள அலுமினா பீங்கான் குழாயை முக்கி எடுங்கள். வடிகட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஒரு தூசி உட்கார்ந்தால் அங்கே ஊசித்துளை, சவ்வு காலி. கனமாகவும் பூசாதீர்கள், கரியாகும்போது சுருங்கி வெடிக்கும். மெல்லிசாகப் பூசிக் கரியாக்கி, மறுபடி பூசிக் கரியாக்கினால் முதல் பூச்சின் ஓட்டை பெரும்பாலும் அடைபடும்.

ட்யூப் ஃபர்னஸில், அதாவது குழாய் உலையில், நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க, நிமிஷத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றுங்கள். 650 டிகிரியைத் தொட பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொறுக்காமல் வேகமாக ஏற்றினால் உள்ளிருந்து கிளம்பும் வாயு படலத்தைக் கிழித்துவிடும். இன்னும் சூடு ஏற்றினால் துளை சுருங்கும்: பிரிப்பு கூடும், ஓட்டம் குறையும். ஆறி முடியும்வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது. சூட்டில் காற்று பட்டால் கரி எரிந்துபோகும். வெளியேறும் புகையில் ஃபீனாலும் கார்பன் மோனாக்ஸைடும் இருக்கும். புகைக்கூண்டு (ஃபியூம் ஹுட்) இல்லாத லேபில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

பளபளவென்று கறுப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஒரே அழுத்தத்தில் முதலில் ஹீலியம், பிறகு நைட்ரஜன் விட்டு ஓட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகப் போனால் விரிசல். ஹீலியம் 2.6 மடங்கு போனால் துளை பெரிசு. எடை குறைந்த வாயு வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான், சல்லடை வேலை நடக்கவில்லை. அதைவிட நன்றாகத் தாண்டினால்தான் ஹைட்ரஜன் சிலிண்டரைத் திறக்க வேண்டும். அளந்த பிறகு குழாயை மேஜையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நம்ம ஊர்க் கடற்காற்றின் ஈரம் துளைக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பல்லேடியம் தகடு ஹைட்ரஜனை மட்டுமே விடுமாமே, பிறகு கரி எதற்கு?
(வாசகி, ராயபுரம்)

பதில்: விடும், சுத்தத்தில் கரி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் கொஞ்சம் கந்தக வாயு பட்டாலே பல்லேடியம் கெட்டுவிடும். 300 டிகிரிக்குக் கீழே ஹைட்ரஜனோடு வைத்திருந்தால் நொறுங்கும், அதனால் வெள்ளி கலக்கிறார்கள். விலையை நான் சொல்வதைவிட, சௌகார்பேட்டைப் பக்கம் போகும்போது ஒரு கிராம் என்ன என்று விசாரித்துப் பாருங்கள்.