ஏசி பொருத்தும்போது வேக்யூம் எடுப்பது வீண் செலவா?

கேள்வி: புதிதாக ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கியிருக்கிறோம். பொருத்த வந்தவர், வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயை உலர்த்தத் தனிக் கட்டணம் ஆகும் என்றும், வேண்டாமென்றால் அவுட்டோர் யூனிட்டில் உள்ள கேஸையே சிறிது திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றிவிடலாம் என்றும் சொல்கிறார். சூடே காட்டாத பம்ப் ஈரத்தை எப்படி உலர்த்தும்?

பதில்: வீண் செலவு அன்று. அந்தப் பம்ப் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை உங்கள் அறையின் வெப்பத்திலேயே கொதிக்க வைக்கிறது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது, அதன் மீது கடல்மட்டக் காற்றின் அழுத்தம், அதாவது 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், இருக்கும்போது மட்டுமே. தண்ணீரின் ஆவியழுத்தம் சுற்றியுள்ள அழுத்தத்தை எட்டும்போதுதான் கொதிநிலை வருகிறது. 30 டிகிரியில் அந்த ஆவியழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். ஆகவே குழாய்க்குள் அழுத்தத்தை அதற்கும் கீழே இறக்கினால், ஈரம் தானாகவே கொதித்து ஆவியாகிப் பம்பின் வழியே வெளியேறுகிறது. குக்கர் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது.

நேரத்தைக் கவனிப்பது இங்கே முக்கியம். காற்று சில நிமிடங்களில் போய்விடும், கேஜ் முள்ளும் அடியைத் தொட்டுவிடும். ஆனால் தண்ணீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் குழாயின் சுவரிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஈரம் மெதுவாகவே வெளியேறும். ஈரம் அதிகமாக இருந்து பம்ப் வேகமாக இழுத்தால், தண்ணீர் குளிர்ந்து உறைந்துகூடப் போகலாம். எனவே முள் இறங்கியவுடன் பம்பை நிறுத்துபவரிடம் இன்னும் சற்று ஓடட்டும் என்று சொல்லுங்கள். வீட்டு ஏசிக்கு 20 முதல் 30 நிமிடம் நியாயமானது. தொழிலில் அக்கறை உள்ளவர்கள் மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்து 500 மைக்ரானுக்கு, அதாவது அரை மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு, இறக்குவார்கள். பிறகு வால்வை மூடிக் காத்திருக்க வேண்டும்: அழுத்தம் விடாமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு, சிறிது ஏறி ஒரு நிலையில் நின்றால் ஈரம் மிச்சம் இருக்கிறது.

கேஸைத் திறந்துவிடும் வழி காற்றை ஓரளவு தள்ளும், ஈரத்தை எடுக்காது. மீந்த ஈரம் கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து நாளடைவில் அமிலத்தை உண்டாக்கும். மீந்த காற்று அழுத்தத்தைக் கூட்டி மின்செலவை ஏற்றும். கிராம் கணக்கில் அளந்து நிரப்பிய கேஸும் குறைகிறது. அது ஆர்-32 ஆக இருந்தால் எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பற்றக் கூடியதும்கூட.

பணம் கொடுக்குமுன் நிறுவல் கையேட்டைப் பாருங்கள். அதில் வேக்யூம் எடுப்பது கட்டாயம் என்று இருந்து, நிறுவனமே நிறுவலுக்குக் கட்டணம் வாங்கியிருந்தால், அதே வேலைக்கு மறுபடி பணம் கேட்பதை நீங்கள் மறுக்கலாம். தனியார் மெக்கானிக் என்றால் கொடுங்கள், ஆனால் ரசீதில் ‘வேக்யூம் எடுக்கப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள். வீடு மாறி ஏசியைக் கழற்றி மாட்டும்போதும் இதே வேலையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் அதை விட்டுவிடுகிறார்கள்.