சென்னையில் எல்பி இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் கேட்டவை

கேள்வி: சார், அப்பாவின் எல்பி தட்டுகள் நூறுக்கு மேல் இருக்கின்றன. பரணில் அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து அடுக்கியிருக்கிறோம். வேளச்சேரியில் மேல்மாடி வீடு. பரவாயில்லையா?

பதில்: இன்றைக்கே இறக்கிவிடுங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கிற பரண் கத்திரி வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்பி செய்யப்பட்ட வினைல் பிளாஸ்டிக் உருகவெல்லாம் வேண்டாம், கொஞ்சம் இளகினாலே மேலே கிடக்கும் தட்டுகளின் பாரம் கீழே உள்ளதை வளைத்துவிடும். சாயாமல் நேராக நிறுத்தி வையுங்கள். ரொம்ப நெருக்கி அடைக்கவும் கூடாது, ஒன்றை உருவினால் பக்கத்துத் தட்டின் அட்டை கிழியக்கூடாது. நூறு எல்பி அட்டையோடு சேர்த்து 25 கிலோ அளவுக்கு வரும், அதனால் மெல்லிய பலகை தாங்காது. மழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தரைத்தள வீடு என்றால் அலமாரியின் கீழ் அடுக்கைக் காலியாகவே விடுங்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, அட்டையில் ஒரு நாற்றம். தூக்கிப் போட வேண்டியதுதானா அண்ணா?

பதில்: வேண்டாம், வேண்டாம். பூஞ்சைதான் அது. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள், புள்ளியைச் சுற்றி நூல் நூலாகப் பரவியிருக்கும். அது பெரும்பாலும் காகித உறையிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் தட்டைக் கழுவிவிட்டு அதே பழைய உள்ளுறையில் திரும்பப் போட்டால் அடுத்த ஐப்பசிக்கு மறுபடி வந்து நிற்கும். உள்ளுறையைத் தூக்கி எறியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியில் வைத்துக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால், ஊசி ஓடும் பள்ளம் போகும் வழியிலேயே சுற்றித் துடையுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாக உலரவிட்ட பிறகுதான் புது பாலிதீன் உறை. போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், உலர்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கி ஊசி போகும்போது சடசடக்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கும். அட்டையை வெயிலில் காயப்போடாதீர்கள், நிழல் போதும்.

கேள்வி: ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாமா? தாத்தாவின் கனமான பழைய தட்டுகளும் இருக்கின்றன.

பதில்: கனமாக, தட்டினால் பீங்கான் மாதிரி சத்தம் வந்தால் அவை 78 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகை. அரக்கில் செய்தவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், துடைத்த இடத்தில் பாட்டே இருக்காது! ஈரத்தைப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உடனே உலர்ந்த துணியால் ஒரு தடவை, அவ்வளவுதான். நம் நாட்டில் 1960களிலும் அரக்குத் தட்டுகள் வந்தன, ஆகவே வருஷத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, இவற்றின் பள்ளம் அகலமானது. எல்பி ஊசி அடிவரை இறங்கி இரைச்சலைத்தான் எடுக்கும். 78க்கென்று தனி ஊசி வாங்குங்கள்.

கேள்வி: ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா?

பதில்: நான் போடமாட்டேன். தட்டுக்கு ஆகுமோ ஆகாதோ, அந்த வாசனை அட்டையில் ஏறினால் இறங்கவே இறங்காது. சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், மாதம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் கலைத்துத் தட்டுங்கள். ஆள் கை படாத அலமாரிதான் பூச்சிக்குப் பிடித்த இடம்.

கேள்வி: சூட்கேஸ் மாடல் பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். தட்டு கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: ஒரே நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வகையில் பலவற்றில் ஊசி 5 கிராம் அளவுக்கு அழுத்தும், நல்ல பிளேயரில் 2 கிராம் சுற்றித்தான். எக்கோ கம்பெனி வெளியிட்ட பழைய இளையராஜா தட்டு மாதிரி தேடி வாங்கியதை அதில் போடாதீர்கள், மலிவாகக் கிடைத்ததைப் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கீறல் விழுந்துவிட்டது, ஒரே வரியே திரும்பத் திரும்ப வருகிறது. ஏதாவது செய்யலாமா?

பதில்: முதலில் மேலே சொன்ன மாதிரி கழுவிப் பாருங்கள், பல சமயம் அது கீறலே இல்லை, ஒட்டிக்கொண்ட அழுக்குதான். நிஜமான கீறல் என்றால் பாலிஷ், எண்ணெய் என்று எதுவும் தடவாதீர்கள், இன்னொரு பிரதி தேடுங்கள்.